ஒரு மாதத்துக்குள் வரச் சொன்னார்கள்

ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

தம்பி பிறந்து இன்று மூன்று நாள். அவனைப் பற்றி நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல், உண்மையாகவே எழுதுவேன். அவன் கால் பெருவிரல் உங்களுடையதைப் போலவே வளைந்திருக்கிறது. இன்று ஆஸ்பத்திரியில் அவன் காதில் சின்ன ரப்பர் முனையை வைத்து, கேட்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டு காதும் தேறவில்லை. “பயப்படாதீங்க, உள்ள தண்ணி இருந்தாலும் இப்படிக் காட்டும். ஆனா ஒரு மாசத்துக்குள்ள மறுபடி கூட்டிட்டு வந்துடுங்க” என்றார் நர்ஸ். போகலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்கிறாள் அம்மா.

உங்கள் மகள்

ஜூன் 19

என் செல்ல வாத்தியாரம்மாவுக்கு,

கப்பலில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். எஞ்சின் அறையில் நின்று நின்று என் காதே பாதி போய்விட்டது. நீ அவன் காதைப் பற்றி எழுதுகிறாய்! தண்ணீராகத்தான் இருக்கும். அக்டோபரில் வந்துவிடுவேன். அவன் முகத்தையே நான் இன்னும் பார்க்கவில்லை. எந்தச் செய்தியானாலும் அவனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். அதுவரை அம்மாவை அலையவிடாதே. யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

அன்பு அப்பா

ஜூலை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

அவர்கள் சொன்ன மாதம் தாண்டிவிட்டது. தொட்டிலுக்குப் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டேன். தம்பி திடுக்கிட்டான். “பாத்தியா, உங்கப்பா சொன்னதுதான் சரி” என்று அம்மா அவனை முத்தமிட்டாள். ஆனால் தட்டு தொட்டிலில் இடித்துத்தான் விழுந்தது. இடிக்காமல் மறுபடி போட்டேன். அவன் அசையவில்லை. “புள்ளையப் போட்டுப் பாடாப்படுத்தாதடி, பசில சோர்ந்து கெடக்கான்” என்றாள். அவன் அப்போதுதான் பால் குடித்திருந்தான்.

‘போங்கள்’ என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள் அப்பா.

உங்கள் மகள்

செப்டம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. நேற்று கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது. நான் அலறிவிட்டேன். தம்பி மின்விசிறியைப் பார்த்துக் கால்களை உதைத்துக்கொண்டிருந்தான். அம்மா அவனையே பார்த்தாள். இன்று காலை பையை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவனைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். “ரெண்டு காதும் ரொம்பக் குறைவும்மா. மெஷின் மாட்டி உடனே பயிற்சி ஆரம்பிக்கலாம். ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“இவங்கப்பா வரட்டும்னுதான்...”

“அது புள்ளைக்குத் தெரியாதேம்மா.”

மெஷினுக்குக் காதளவு எடுத்தார்கள். அம்மாவே கையெழுத்துப் போட்டாள். நீங்கள் வரும் தேதியை அவள் இப்போது கேட்பதில்லை.

தினமும் இருட்டாக்கிவிட்டுத்தான் அம்மா தாலாட்டுவாள். அவன் வீறிட்டு அழுவான். இன்று வெளிச்சத்திலேயே மடியில் போட்டுப் பாடினாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டு அவன் அழாமல் தூங்கினான். அதன்பிறகும் கொஞ்ச நேரம் பாடினாள். பிறகு விளக்கை அணைத்தோம்.

உங்கள் மகள்