சீனத்தார் கேட்ட சிவப்புக் கயிறு

1942 மார்ச் 9, திங்கள்
காலையிலேயே வெயில் கொதி. துறைமுகத்தில் இன்னும் இரண்டு கப்பல். யன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி முடியவில்லை, பசை போதாது.

முன்னறையில் வாடகைக்கு இருக்கும் சீனத்தார், பல் கட்டுகிறவர், குசினி வாசல்வரை வந்து என் வயதைக் கேட்டார். பிறந்த வருஷமும் வேண்டுமாம். எதற்கு? பிறந்த விபரம் பிறத்தியாருக்குத் தெரிந்தால் செய்வினை செய்வது லேசு. இரண்டு வயது கூட்டிச் சொன்னேன்.

மார்ச் 11, புதன்
புழுக்கம். குண்டு போட வந்தால் ஊதும் சங்கை ஊதிப் பழக்கினார்கள். ஓடி ஒளிந்து வர, கறி அடிப்பிடித்துவிட்டது.

சீனத்தார் திரும்பவும் வந்தார். தனக்கு முப்பத்தாறு, குதிரை வருஷத்துப் பிறப்பாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே குதிரை வருமாம். வந்தால் அந்த ஆளுக்குக் கூடாதாம், இந்த வருஷமும் குதிரைதானாம்.

"எங்கட புது வருஷம் பிறந்த நாள், அண்டைக்கே சிங்கப்பூர் ஜப்பான்காரனிட்டப் போச்சு, அம்மா."

இடுப்பில் சிவப்புக் கயிறு கட்டினால் தப்பலாமாம். தானே வாங்க ஏலாதாம். வீட்டில் மூத்தவர் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். வயது கேட்டது அதற்குத்தான்.

"எனக்கு இங்க ஒருத்தரும் இல்லை. நீங்கள் மூத்த ஆள். வாங்கித் தாங்கோ."

ஏழரைச் சனி என்றால் விளங்கும். பிறந்த வருஷமே ஆளைக் கடிக்குமா? அவருடைய பீடை கயிறு வழியாக என் வீட்டுக்கு வரவோ? ஏலாது என்றேன். முகம் சுருங்கிப் போனார்.

மார்ச் 12, வியாழன்
வாங்க: பசை, மண்ணெண்ணெய், கொத்தமல்லி.

சீனத்தார் தன் பழைய சாரத்தைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்துக் கொல்லைக் கொடியில் விரித்திருக்கிறார். கயிறு இல்லாவிட்டால் துணியாம். பக்கத்துவீட்டுப் பரிமளம் அக்கா வேலியால் எட்டிப் பார்த்தா.

"உது பிளேனுக்குக் காட்டுற சைகை. உவன் சீனன் இல்லை, ஜப்பான்காரன்."

துறைமுக டொக்யாட் வேலையால் வந்த என் கணவர் சிரித்தார். "ஜப்பான்காரன்ர குண்டில தாய் தகப்பனைப் பறிகுடுத்த மனுசனப்பா."

யார் பார்த்தது? சீனத்தார் சொன்னதுதானே.

மார்ச் 14, சனி
தூறல். கொடியில் சாரம் இல்லை. சீனத்தாரும் இல்லை. விடியப் பொலிஸ் வந்து இரண்டையும் கொண்டுபோய்விட்டது. பரிமளம் அக்கா வெளியிலேயே வரவில்லை. நாளைக்குக் கொழும்புக்கு அனுப்பினால் சிறை மறியல்தானாம், இவர் விசாரித்து வந்தார்.

அவருடைய அறையைத் துழாவினேன். கட்டிலுக்குக் கீழும். பல் அச்சுகள், சாந்து, ஒரு கிழவன் கிழவி படம், அதன்முன் ஊதுபத்திச் சாம்பல். ரேடியோ கீடியோ ஒன்றுமில்லை. கேட்டது ஒரு துண்டுக் கயிறு.

மார்ச் 15, ஞாயிறு
சந்தையில் சிவப்பு அரைஞாண் கயிறு வாங்கினேன். "எந்தப் பிள்ளைக்கு?" என்று கடைக்காரர். காசைக் கொடுத்தேன். இவருக்கும் சொல்லாமல் நேரே பொலிசுக்கு.

கொன்ஸ்தாபல் கயிற்றை விரித்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உதென்ன?"

"அவருக்கு இந்த வருஷம் கூடாதாம். இடுப்பில கட்டோணும்."

"நீங்கள் அவருக்கு ஆர்?"

கம்பிக்குப் பின்னால் சீனத்தார் எழும்பி நின்றார். வாடகை வாங்கும் வீட்டுக்காரி என்றால் கயிறு பலிக்காது, அவர் வீட்டு மூத்தவள் தர வேண்டும்.

"அக்கா," என்றேன்.

கொன்ஸ்தாபல் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதிரையைக் காட்டினார்.

"அப்ப விசாரணைக்கு நீங்களும் இருங்கோ."