நான்கு நாள் நின்றால் உயிர் போகும் கார்

மாப்பிள்ளைக்கு,

நலம்தானே என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. போன மாதம் முழுக்க நீ நன்றாக இருக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். அதனால் விட்டுவிடுகிறேன். உன் அக்காவின் கை எலும்பு கூடிவிட்டதா, விரல்களை மடக்க முடிகிறதா? அதை மட்டும் எழுது.

அவளும் மகளும் வீட்டை விட்டுப் போன பிறகு என் காருக்கும் கேடு வந்துவிட்டது. நான்கு நாள் நின்றால் பேட்டரி செத்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது பேட்டரி போட்டேன். ஐந்தாம் நாள் அதுவும் படுத்துவிட்டது.

கார் எங்கள் அடுக்குமாடியின் தரைக்கீழ்த் தளத்தில் நிற்கும். பகலெல்லாம் அங்கே வாட்ச்மேன் ஒருவர்தான். என் காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார் என்று முடிவுகட்டினேன். இல்லை என்றார். சட்டையைப் பிடித்துத் தூணில் மோதினேன். இரண்டு தடவை. முன்பல் ஒன்று உடைந்து என் செருப்பின் மேல் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவர் கேட்டது இதுதான்: "சாவி உங்ககிட்டதானே சார் இருக்கு?" கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு அதுவரை அது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வேலையில் இறங்கினேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரைக் கோத்தேன். கதவுகளைச் சாத்தி அரை மணி நேரம் காத்திருந்தேன்; வண்டி முழுதாக அடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். நிற்கும் வண்டி இழுக்கும் மின்னோட்டம் ஐம்பது மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும்; நானூற்று இருபது காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கினாலும் அந்த எண் இறங்கவில்லை. அப்படியானால் ஃபியூஸ் பெட்டிக்கு வராமல், ஏதோ ஒன்று நேராகப் பேட்டரியில் வாய் வைத்துக் குடிக்கிறது. பாசிட்டிவ் முனையில் தேடினேன். மெல்லிய சிவப்பு வயர் ஒன்று. இணைப்பில் கருப்பு டேப். டேப்பின் நுனியை மடித்து ஒரு சின்னக் காது.

அடுத்த தடவை பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாம் என்று காது வைத்து ஒட்டுகிறவன், எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதியவன். உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போடாமல் விட்டவன். கார் வயரிங் பார்க்கும் உன் கடைக்கு வந்து, அக்காவை எங்கேடா ஒளித்து வைத்திருக்கிறாய் என்று நான் கத்திய அன்று, "பின்லைட் எரியல அத்தான், டீ குடிச்சிட்டு வாங்க, பாத்து வைக்கிறேன்" என்றாய். பயந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

டேப்பைப் பிரித்து வயரைக் கழற்றி, அதன் வழியே போனேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டி. வண்டி எங்கே போகிறது என்று உன் போனுக்குச் சொல்வது. தரைக்கு அடியில் சிக்னல் இல்லாமல், ஓயாமல் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்திருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தை ஒரு எலக்ட்ரீஷியன் யோசிக்க வேண்டாமா?

வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உன் கடைக்குப் புறப்பட்டேன். உன் விரல்களை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக நசுக்க வேண்டும் என்றிருந்தேன். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிய பிறகுதான், பேட்டரி முனையை நானே கழற்றி வைத்திருப்பது நினைவுக்கு வந்தது.

அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து, அந்தப் பெட்டி உனக்கு எப்போதெல்லாம் சொல்லியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்கள் இருக்கும் வாடகை வீட்டைக் கண்டுபிடித்து மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் பூட்டு. முதல் தடவை ஜன்னல் வழியே பார்த்தேன், உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை வாசலில் மகளின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. மூன்றாம் தடவை கதவை உதைத்து உடைத்தேன். மேசையில் காப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது. அன்று என் கையில் இதே ஸ்பேனர். கண்ணாடியை, மகளின் படிப்பு மேசையை, கட்டிலை அடித்து நொறுக்கினேன். கட்டிலில் ஆள் இருந்திருந்தாலும் என் கை நின்றிருக்காது.

பெட்டியை நான் பிடுங்கவில்லை. வயரைப் பழையபடி இணைத்து, டேப் சுற்றி, நுனியில் காது வைத்தேன். கார் இனிமேல் தெருவில், திறந்தவெளியில் நிற்கும். அங்கே நிறுத்தி அளந்ததில் மீட்டர் நாற்பதுக்கு இறங்கிவிட்டது. ஸ்பேனரை வாட்ச்மேனிடம் கொடுக்கப் போனேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார். தரையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். விசாரித்தால் ஒத்துக்கொள்வேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பத்திரிகையையும் மறக்கவில்லை. ஆனாலும் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டே இரு. பஸ்ஸில் வர மாட்டேன். அதை நம்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை, அதனால் வீட்டையும் மாற்றிவிடு. எங்கே என்று எனக்கு எழுதாதே. கார் உங்கள் பக்கம் திரும்பினால், அத்தான் திருந்திவிட்டாரோ என்று யோசித்து நிற்காதே. நானே போனில் அழுதாலும் கேட்காதே. காப்பி ஆறினால் ஆறட்டும். இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடு.

நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அத்தான்