செம்பட்டைக் கழுதையைத் தரமாட்டேன்

அன்பு மகன் பெத்தாமுனுக்கு, அம்மா தாமின் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியது. நானும் உன் அப்பாவும் பசுவும் வாத்துகளும் நலம், வடக்கே பட்டாளத்தில் நீயும் நலமாய் இருக்க ஆமுன் சாமி துணை. நம் பூனை போன மாதம் செத்துப்போனது, வழக்கப்படி வீட்டில் எல்லோரும் புருவத்தை மழித்தோம், இப்போதுதான் முளைக்கிறது, ஒரே அரிப்பு. நீ வெறும் வயிற்றில் பச்சை வெங்காயம் தின்னாதே.

இந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் சரியாக ஏறவில்லை, பாதி வயல் காய்ந்து கிடக்கிறது, பழி போட ஊருக்கு யாராவது வேண்டுமே. ஒசிரிஸ் சாமி திருவிழாவில் பாறை உச்சியிலிருந்து தள்ளிவிட நம் கழுதையைக் கேட்டுக் கோயில் ஆட்கள் வந்தார்கள். அது செம்பட்டையாம், அண்ணன் ஒசிரிஸைக் கொன்ற சேத் சாமியின் நிறமாம். தண்ணீரும் கோதுமையும் சுமந்து உன்னையும் உன் தங்கைகளையும் வளர்த்த முதுகு அது, அப்போதெல்லாம் யார் கண்ணுக்கும் நிறம் தெரியவில்லை. உன் அப்பா வழக்கம்போல மாட்டுக்கொட்டிலுக்குள் நழுவிவிட்டார். காலையில் வருவோம், கட்டி வையுங்கள் என்று அவர்கள் தலைவன் பாஹோர் சொல்லிவிட்டுப் போனான். அவன் மனைவிக்குப் பிரசவம் பார்த்தவள் நான், அந்த மரியாதைகூட இல்லை.

எனக்கு வந்ததே கோபம். வீட்டிலிருந்த மருதாணியை அரைத்து என் நரைத்த தலையில் அப்பிக்கொண்டேன். காலையில் அவர்கள் கயிற்றோடு வந்தபோது சிவந்த முடியை விரித்துப்போட்டு வாசலில் கழுதையின் பக்கத்தில் நின்றேன். "செவப்புதான் குத்தம்னா என்னையும் சேத்துக் கட்டுங்கடா, ரெண்டு பேரும் ஒண்ணா விழுறோம்" என்றேன். பாஹோர் நெளிந்தான். "தள்ளிக்க அத்தை, இது சாமி காரியம்" என்றான். "சாமியே வந்து கேக்கட்டும், குடுக்கறேன்" என்றேன். அப்போது கொட்டிலிலிருந்து உன் அப்பா வந்தார். மிச்ச மருதாணியை வழுக்கைத் தலை முழுக்கப் பூசியிருக்கிறார், காதுவரை சிவப்பு. நேராகப் போய்க் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள், அதன் பிறகு கயிற்றை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

இப்போது பாதி ஊர் எங்களோடு பேசுவதில்லை, துறையில் என்னைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள். ஒதுங்கட்டும். அடுத்த வருஷமும் கேட்டு வருவார்கள், நாங்களும் வாசலில்தான் இருப்போம்.

ஆமுன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சோறும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது பட்டாளத்துக்காரன்போல் தலையை மழித்துக்கொண்டு வராதே, முடி வளர்த்துக்கொண்டு வா, உன் பங்கு மருதாணியை அரைத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
யாருக்கும் பயப்படாத உன் அம்மா,
தாமின்