கிளச்சில் ஒரு கட்டை

மார்ச் 4, செவ்வாய்

வெயில். காலை ஒன்பதுக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. பெயின்ட் உரிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

அண்ணன் அனுப்பிய பொம்மை டிராக்டர் நேற்று வந்தது. அசலில் பதினாறில் ஒரு பங்கு. இரும்பு, நல்ல கனம். கல்யாண வீட்டுக் கார் மாதிரி மினுமினுப்பு. பொம்மை வண்டிகளை அசல் மாதிரி பழசாக்குவது என் பொழுதுபோக்கு; இதை எங்கள் வீட்டுப் பழைய சிவப்பு டிராக்டராக மாற்ற வேண்டும். அசல் வண்டியைப் பழைய இரும்புக்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வெகு காலமாயிற்று. 16ஆம் தேதி அப்பாவுக்கு எண்பது முடிகிறது. நல்லேப்பிள்ளியில் அண்ணனின் புது வீட்டில் விருந்து. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அப்பா கையில் கொடுத்து, அப்புறம் ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அண்ணன் வைப்பாராம்.

ஃபோனில் அண்ணன் சொன்னது, அப்படியே:

"அம்மிணி, பழசாட்டத் தெரியோணும். ஆனா அழுக்கா இருக்கப்படாது. ஹால்ல வெக்கறது பாரு."

சேற்றில் உழுத வண்டி, அழுக்கில்லாமல். சரிங்கண்ணா என்று சொல்லித் தொலைத்தேன். என்றைக்குத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஃபோனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்று: "சீட்டுல ஆளும் வேணும். ஹால்ல இருக்கற ஃபோட்டோவுல இருக்கறாப்பல. நீலச் சட்டை, தலையில துண்டு. நானு."

நானு!

சக்கரங்கள் கழற்றியாயிற்று. உடம்பு தின்னரில் ஊறுகிறது. விரல் நுனியெல்லாம் எரிச்சல். சாம்பாரில் உப்பு போட மறந்திருக்கிறேன். இவர், என் வீட்டுக்காரர், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

மார்ச் 5, புதன்

சிவப்பு முழுதும் உரிந்தது.

அந்த ஃபோட்டோவில் இருப்பது நான். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா டிரெய்லரிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து கட்டிலில். கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருந்த அண்ணன் பரீட்சை என்று கடிதம் போட்டார். கூலிக்கு ஓட்ட வந்த ஆள் மூன்றாம் நாளே நின்றுவிட்டான். நான் ஏறினேன். ரெண்டு போகம், முழுசாக, நான்தான் உழுதேன்.

அப்பா கட்டிலில் படுத்தபடியே போட்ட சட்டம்: அண்ணனின் நீலச் சட்டை. தலையில் துண்டு. ரோட்டுப் பக்கம் முகம் திருப்பக்கூடாது. யாராவது கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்ட வேண்டும், வாய் திறக்கக்கூடாது.

"கட்டிக் குடுக்கற புள்ள. பொம்பள டிராக்டர் ஓட்டறான்னு ஊருக்குள்ள பேசுனா, அப்பறம் எவன் வருவான்?"

ஊர் நம்பியது. படித்த பையன் லீவில் வந்து சேற்றில் இறங்குகிறான் என்று அண்ணனுக்கு ஒரே புகழ். அவர் ஊருக்கு வந்தபோது பெரியவர்கள் முதுகில் தட்டினார்கள். தட்டட்டும் என்று நின்றார். கிருஷி பவனிலிருந்து, அதான் விவசாய ஆபீஸிலிருந்து, வந்த ஒருவர் ரோட்டில் நின்று எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டினார்கள். எத்தனையோ வருஷமாக அது "எங்க பையன்".

அண்ணனும் இப்போது அதை நம்புகிறார். பொய் சொன்னால்கூடக் கோபித்துக்கொள்ளலாம். நம்புகிற ஆளை என்ன செய்வது?

மார்ச் 7, வெள்ளி

காற்றில்லை. பெயின்டுக்கு நல்லது, எனக்கு வியர்வை.

முதலில் துரு நிறம் பூசிக் காயவிட்டேன். அதன் மேல் தண்ணீர் தொட்டு, பெயின்ட் உதிர்ந்த மாதிரி வேண்டிய இடத்திலெல்லாம் கல்லுப்பு நுணுக்கித் தூவினேன். அதற்கு மேல் சிவப்பு. காய்ந்ததும் பிரஷ்ஷால் உப்பைத் தட்டிவிட்டால் அடியில் துரு எட்டிப் பார்க்கிறது. இந்த ஒரு வேலையில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

உப்பு எங்கெல்லாம் விழ வேண்டும் என்று எனக்குப் படம் தேவையில்லை:

– வலது மட்கார்டு விளிம்பு. ஏறும்போது நான் பிடித்த இடம்.
– ஸ்டியரிங்கில் கீழ்ப்பாதி. எனக்கு மேலே பிடித்துத் திருப்பத் தெம்பில்லை.
– இடது மட்கார்டு நசுங்கல். கனால் கரை மதிலில் நான் இடித்தது. அன்றைக்கு அப்பா சோறு உண்ணவில்லை.
– பானெட் மூடியில் ஒன்றுமில்லை. வெயிலில் வெளுத்தது மட்டும்.

ஒரு வண்டி எங்கே தேய்கிறது என்பது, ஓட்டுகிற ஆளைப் பொறுத்தது. எல்லாத் தேய்மானமும் என்னுடையது. மேலே உட்காரப் போவது அவர்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வந்தார். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கவாம். காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"அட, அட! அப்படியே இருக்குது அம்மிணி. இந்த நசுங்கல்கூட வெச்சிருக்கற பாரு."

"எப்படிங்கண்ணா நசுங்குச்சு அது?"

கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"தென்ன மரத்துல உட்டேனல்லோ. மழைநாளு. பிரேக்கு புடிக்கல."

கண் இமைக்காமல் சொன்னார். பின்னாலிருந்து இவர் என்னைப் பார்த்தார். நான் பால் பாத்திரத்தைக் கழுவப் போனேன்.

சீட்டில் முதுகுக்கு வைத்த மடித்த சாக்கு அண்ணனுக்குப் பிடித்திருந்தது. "நெம்ப இயற்கையா இருக்குது." சீட் தூரமாக இருந்ததால் முதுகுக்கு நான் வைத்த சாக்கு அது. அண்ணன் ஆறடி. சாக்கு வைத்தால் அவர் முழங்கால் தாடையில் முட்டும்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே: "மீச வெக்க மறந்தராத."

மார்ச் 11, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. கண் எரிகிறது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தடவை, நாலு பேர் முன்னால், அப்பா வாயால்: ஓட்டினது இவள். அவ்வளவுதான். மாலை வேண்டாம், கைதட்டல் வேண்டாம். அப்பாவுக்கே எண்பது ஆன பிறகு இனி எவன் என்னைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லப் போகிறான்?

ஒரு வழி தோன்றியது. கட்டை.

கிளச் எனக்கு எட்டாது. முழுதாக மிதிக்க ஒரு சாண் குறையும். புளியங்கட்டையை நானே அறுத்து, சைக்கிள் டியூப்பால் பெடலில் கட்டினேன். ரம்பம் இழுத்த தழும்பு இடது கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. அந்தக் கட்டை யாருக்காக என்று உலகத்தில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஃபோட்டோவில்கூடத் தெரியாது, சக்கரம் மறைத்துவிட்டது.

அப்பாவுக்குக் கண் மங்கல், விரல் மங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் தடவித்தான் பார்ப்பார். கட்டையில் விரல் பட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. மனிதர்தானே.

தீக்குச்சி அறுத்தேன். மூன்று தடவை உடைந்தது. கறுப்பு ரப்பர் நூல் சுற்றி ஒட்டியாயிற்று. இவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இத்தினிக்கூண்டு கட்டை, யாருக்குத் தெரியப் போவுது?"

"தெரியற ஆளுக்குத் தெரியுமுங்க."

மார்ச் 13, வியாழன்

உள்ளங்காலில் வெந்நீர் ஊற்றியது போன்ற வெயில். மாலையில் நாலு சொட்டு மழை, அதுவும் ஏமாற்று.

ஆள் தயார். களிமண் பசையில் உடம்பு. சட்டை தொளதொள, ஏனென்றால் எனக்கு அது தொளதொளதான். துண்டு. இடது கால் நீட்டினபடி.

மீசை வைத்தேன். ரெண்டு மயிர் மட்டும் விட்டு வெட்டிய பிரஷ். ஒரே கோடு. என் முகத்துக்கு நானே மீசை வரைந்துவிட்டு, பிரஷ்ஷைக் கழுவிவிட்டு, அரிசி களையப் போனேன். சீ என்றிருந்தது.

மார்ச் 14, வெள்ளி

இவர் நல்லேப்பிள்ளி வயலிலிருந்து கவரில் மண் கொண்டுவந்தார். துணியில் சலித்து, டயரின் பள்ளங்களில் பசையோடு. வண்டிக்கு அடியிலும் ஈரச் சேறு கொஞ்சம். அழுக்கா இருக்கப்படாதாம்! இருக்கட்டும், தெரியாதபடி அடியில்.

முடிந்தது. நான் செய்ததில் இதுதான் நல்லது. சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யார் சொல்வார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

விருந்து. நூறு பேருக்கு மேல். பந்தலுக்குள் புழுக்கம். எனக்குச் சமையல்கட்டில் பாயசம் கிளறுகிற வேலை. அண்ணி வந்து கூப்பிட்டதால் ஹாலுக்குப் போனேன், கரண்டியோடு.

அண்ணன் பட்டு வேட்டியில். அந்த ஃபோட்டோவுக்கு நேர் கீழே அப்பா நாற்காலியில். மடியில் டிராக்டரை வைத்தார்கள். கூட்டத்தில் ஒருவர் மலையாளத்தில், "கொள்ளாம் கேட்டோ!" பிரமாதமாம். செல்ஃபோன்கள் எல்லாம் மேலே எழுந்தன.

அப்பா தடவினார். பானெட். புகைக் குழாய். நசுங்கலில் விரல் நின்றது, சிரித்தார். அப்புறம் இடது பக்கம் இறங்கி, ஆளின் காலைத் தொட்டு, காலுக்கு அடியில்.

நின்றது. நிமிர்ந்து என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். நிச்சயமாக என்னைப் பார்த்தார்.

"கட்டை," என்றார்.

"பையனுக்கு அப்பக் கால் எட்டாது பாத்துக்குங்க. நாந்தான் கட்ட வெச்சுக் கட்டிக் குடுத்தேன். அப்படி ஓட்டுனான் எம் பையன்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஆறடி அண்ணன் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தார். "ஆமாங்க, சின்ன வயசு," என்றார்.

நான் பாயசம் கிளறப் போனேன். அடி பிடித்திருந்தது.

மார்ச் 17, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டது.

எல்லோரும் போன பிறகு அப்பாவின் அறைக்குப் போனேன். படுத்திருந்தார். கால் பிடித்துவிட்டேன். முறிந்து சேர்ந்த தொடை, மேடு இன்னும் கைக்குத் தட்டுகிறது.

"ஏனுங்கப்பா, அண்ணனுக்கா கால் எட்டாது?"

அப்பா காலை மெல்ல மடக்கிக்கொண்டார். மறந்துவிட்டார் என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சாமி சத்தியமாக, மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"நீதான் ஓட்டுன. நான் இல்லைங்கறனா?"

"பின்ன ஏனுங்கப்பா சபையில அப்படிச் சொன்னீங்க?"

"அவன் ஊடு. அவன் கூட்டுன சனம். அவனைக் கொறச்சுச் சொல்ல முடியுமா? நீ கட்டிக் குடுத்துப் பொறத்த போன புள்ள. அதுக்கென்ன இப்ப?"

அதுக்கென்ன இப்ப.

கட்டையையாவது நான் அறுத்தேன் என்று விட்டிருக்கலாம். அதையும் அவரே எடுத்துக்கொண்டார். கேட்கவில்லை. நான் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்தேன். பஸ் ஏறினோம். சிற்றூர் ஸ்டாண்டு தாண்டியதும் இவர் எழுந்து ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டார்.

மார்ச் 20, வியாழன்

அண்ணி ஆட்டோவில் வந்தார். மடியில் டிராக்டர். பேத்தி தள்ளிவிட்டதாம். முன் விளக்கு ஒன்று போயிற்று. கட்டையும் காணோம்.

"கட்ட வேண்டீதில்லைன்னுட்டாரு அவரு. பாக்கறவங்க கேள்வி கேக்கறாங்களாமா. ஆறடி ஆளுக்குக் கட்ட எதுக்குன்னு."

அட. கேட்கத் தெரிந்த ஆளும் இருந்திருக்கிறார் பார்.

"விளக்கு மட்டும் ஒட்டிக் குடு அம்மிணி. இருந்து வாங்கீட்டே போறன்."

மோர் கொடுத்து உட்கார வைத்தேன். விளக்கு ஒட்டக் கால் மணி நேரம். சிவப்பு ஒரு தொடல். அப்புறம் கத்தியை ஆளின் அடியில் கொடுத்து நெம்பினேன். சாக்கோடு வந்துவிட்டது. காலியான சீட்டில் பசைத் தடத்தைத் துடைத்து, டிராக்டரைத் துணியில் சுற்றி அண்ணி கையில் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தார்.

"ஆளு எங்க?"

"அது நானுங்க அண்ணி."

மோர் டம்ளர் பாதியில் நின்றது. ஃபோட்டோ, சட்டை, துண்டு, கட்டை, எல்லாவற்றையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷம் அந்தப் படத்தைத் தூசி தட்டியவர் இவர்.

"அவரு கேட்டா என்னன்னு சொல்லட்டும்?"

"இதையே சொல்லுங்க."

போய்விட்டார். இப்போது மேஜையில் ஆள் மட்டும். கத்தி நுனியால் மீசையைச் சுரண்டினேன். ரெண்டு சுரண்டலில் வந்துவிட்டது.

ஃபோன் அடிக்கிறது. அண்ணன்.