ஆறு கல்லூரிகள், ஒரு மணி நேரம்

வில்லோ ஃபோர்க்
அக்டோபர் 17, வியாழக்கிழமை

அன்பு மகள் லேனிக்கு, அம்மா எழுதுவது.

இந்த ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள், எழுத்து கோணலாக இருந்தால் அதையும் சேர்த்து மன்னித்துக்கொள். விடிகாலை ஐந்து மணிக்கு நம் வாலிபால் டீமின் பஸ் உங்கள் ஊருக்குக் கிளம்புகிறது, அதில் இந்தக் கடிதம் வந்தாக வேண்டும், பகலில் எழுத முயன்றேன், முடியவில்லை. இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். உன் தங்கை ஹேட்டிக்குத்தான் திரும்பவும் காது வலி, நாலு வயதுக்கு அவள் போடுகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறது, இப்போதுதான் சொட்டு மருந்து விட்டுத் தூங்க வைத்தேன். உன் கணுக்கால் வீக்கம் வடிந்ததா, கட்டுப் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறாயா என்று தெரியாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஸ்கோர் எழுதுகிறவளாக அந்த பஸ்ஸில் ஏறி வந்து உன்னை ஒரு நாள் பார்த்துவிடுவேன், இந்தத் தடவை வரவில்லை. ஹேட்டியின் காது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேரே சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரி இந்த விளையாட்டுக் கூட்டமைப்பை, இந்த கான்ஃபரன்ஸை, விட்டு வெளியேறுகிறது. செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழு ஓட்டுப் போட்டது, ஒன்பதுக்கு இரண்டு. திங்கட்கிழமை மற்ற கல்லூரிகளுக்கு முறைப்படி அறிவிப்பார்கள். அடுத்த வருஷத்திலிருந்து கிழக்குப் பக்கத்துக் கூட்டமைப்பு, அங்கே எவ்வளவு தூரமாக இருந்தாலும் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். இதன் அர்த்தம் என்ன என்று உனக்கு நான் விளக்க வேண்டாம். நான் இந்த விளையாட்டுத் துறை அலுவலகத்தில் சேர்ந்தபோது ஒன்பது கல்லூரிகள் இருந்தன. ஒன்றை இழுத்து மூடினார்கள், இரண்டு பணக்காரக் கூட்டமைப்புகளைத் தேடிப் போயின, இப்போது ஆறு. ஆறு இருந்தால்தான் ஜெயிக்கிற டீமுக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம். நாங்கள் போனால் ஐந்து. ஐந்தானதும் இன்னும் இரண்டு பேர் மூட்டை கட்டுவார்கள் என்று எங்கள் இயக்குநர் டர்க்கே சொல்கிறார். கடைசியில் தனியாக நிற்கப்போவது உங்கள் கெர்ன் பியூட் கல்லூரிதான். அவ்வளவு மேற்கே ஒன்பது மணி நேரம் பஸ் ஓட்டி வர எந்தக் கூட்டமைப்பு சம்மதிக்கும்? ஆட ஆள் இல்லாவிட்டால் டீம் எதற்கு, உங்கள் கல்லூரியில் பாதிப் பேர் ஏதாவது ஒரு டீமுக்காக வந்தவர்கள், அவர்கள் போனால் வகுப்பில் யார் இருப்பார்கள்?

லேனி, அந்த முடிவுக்கு ஆதாரமாகக் குழுவின் முன்னால் வைத்த நாலு பக்க அறிக்கையை எழுதியது நான்தான். டர்க் பெயரில் போனது, எழுதியது உன் அம்மா. ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன், அதன் பிறகு உன்னோடு எத்தனை தடவை பேசினேன், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ரகசியம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள் என்பது உண்மை, ஆனால் நான் வாயை மூடியிருந்தது அந்தக் கையெழுத்துக்காக இல்லை. இங்கே ரகசியம் என்பதெல்லாம் பேருக்குத்தான், செவ்வாய் நடந்த கூட்டம் புதன்கிழமை காலையில் மளிகைக் கடைக்கே வந்துவிட்டது. கல்லாவில் இருந்த ஜோலீன் பாலையும் முட்டையையும் பைக்குள் வைத்துக்கொண்டே, "மகளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு ஒரு கான்ஃபரன்ஸையே காலி பண்ணிட்டியே, கெட்டிக்காரிதான் போ" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். வண்டியில் உட்கார்ந்த பிறகு, அவள் சொன்னதில் ஒரு துளியாவது உண்மை இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது, உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் பட்டப்படிப்பை முடித்தேன், நீ அவ்வளவு தூரம் போகிறேன் என்றபோது சம்மதித்தவள்தான், ஆனால் சம்மதித்ததும் விட்டுவிட்டதும் ஒன்றல்ல. அதனால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது அதைவிடப் பெரியது. அறிக்கையின் முதல் பக்கம் முழுக்கப் போன பிப்ரவரியில் நடந்த விபத்துதான். உங்கள் ஊரில் ஆடிவிட்டுத் திரும்பிய நம் பெண்கள் கூடைப்பந்து டீமின் பஸ், பனியில் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது, ஷெல்பிக்கு முதுகெலும்பு முறிந்தது. இவ்வளவு தூரம் பயணம் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று எழுதினேன். படித்த எல்லோருக்கும் கண் கலங்கியது என்று டர்க் சொன்னார். நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் பயணத்துக்கு நேரம் குறித்துக் கொடுத்த தாள் என்னுடையது, அது தப்பு.

பதினோரு வருஷமாக நான் போடுகிற தாளில் எல்லாமே நம் ஊர் நேரம்தான், எங்கே போனாலும் சரி. பஸ் ஓட்டுகிற வெர்லினும் கைக்கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, தாளும் கடிகாரமும் ஒன்றாகப் போகும். உங்கள் ஊர் எங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால் என்றாலும், முன்னெல்லாம் அங்கே ராத்திரி தங்கி மறுநாள் காலையில் கிளம்புவார்கள், அதனால் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் யாருக்கும் ஒன்றும் இல்லை. போன வருஷம்தான் தங்குவதை நிறுத்தி அன்று ராத்திரியே திரும்பி வரச் சொன்னார்கள், விபத்துக்கு அப்புறம்தான் திரும்பவும் தங்க விடுகிறார்கள். நான் அவசரத்தில் உங்கள் கல்லூரி அனுப்பிய தாளைப் பார்த்து, ஆட்டம் ஏழு மணிக்கு, முடிந்து உங்கள் ஊர்ப் பெற்றோர்கள் போடுகிற சாப்பாடு, பத்து மணிக்குக் கிளம்பல், ஒன்பது மணி நேர ஓட்டம், காலை ஏழுக்கு வீடு என்று எழுதிவிட்டேன். அந்தப் பத்து மணி உங்கள் ஊர்ப் பத்து. எங்களுக்கு அப்போது பதினொன்று. பெண்களில் ஆறு பேருக்குக் காலை எட்டு மணிக்கு நர்சிங் பரீட்சை இருந்தது. வெர்லின் சாப்பிட்டுவிட்டு வந்து பஸ்ஸைக் கிளப்பும்போது கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார், பதினொன்று, தாளில் பத்து. தாள் தப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தான் இரண்டாம் தடவை சூப் வாங்கிக்கொண்டு கதை பேசியதில் ஒரு மணி நேரம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அதைப் பிடிப்பதற்காக வழக்கமாக நிறுத்திக் கண்ணயர்கிற இடத்தில் நிறுத்தாமல் ஓட்டினார். அதற்கப்புறம் நாற்பது மைலில் அந்தப் பள்ளம்.

விசாரித்தவர்கள் பனி என்று எழுதிக்கொண்டு போனார்கள். தாளை யாரும் கேட்கவில்லை. நான் அதை எடுத்துப் பார்த்தது மார்ச் மாதம், பார்த்த நிமிஷமே புரிந்துவிட்டது, மடித்து மேஜை அடியில் வைத்துவிட்டேன். வெர்லின் வேலையை விட்டுவிட்டார். இருபத்தாறு வருஷம் ஓட்டியவர், இப்போது சொந்த வண்டியையும் அவர் மனைவி நோர்மாதான் ஓட்டுகிறாள். போன ஞாயிறு தேவாலயத்து வாசலில் என்னைப் பார்த்து, "உன் தாளு சரியாத்தான் இருந்திருக்கும் கெண்ட்ரா, நான்தான் சாப்பாட்டைப் பாத்ததும் நேரத்தை விட்டுட்டேன், அந்தப் பொண்ணு நடக்கக் கஷ்டப்படறதைப் பாத்தா எனக்குத் தாங்கல" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறார், லேனி. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று டர்க்கிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, "அந்த ஒரு மணி நேரத்தை யாரும் உன்கிட்ட கேக்கலியே, நீயா எதுக்குத் தூக்கிட்டு வர்றே? ஓட்டு முடிஞ்சுது. தூரம் தூரந்தான், தாள் சரியா இருந்தாலும் ஒன்பது மணி நேரம் ஒன்பது மணி நேரந்தான்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதோடு விடவில்லை, லேனியை இங்கே மாறி வரச்சொல்லு, முழு உதவித்தொகை தர்றேன், திங்கட்கிழமை நானே கூப்பிடறேன், நீ முன்னாடியே சொல்லி வை என்றார். சொல்லி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே அவர் கூப்பிட்டால் அது அவர் பேச்சு, என் பேச்சு இல்லை. நீ வந்தால் உன் அறை அப்படியே இருக்கிறது, வராவிட்டாலும் அப்படியே இருக்கும். எனக்காக வராதே, என் மேல் கோபத்தில் வராமலும் இருக்காதே.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "இதை முதல்ல வெர்லின்கிட்ட சொல்லியிருக்கணும், டர்க்கிட்ட இல்ல. நாளைக்கு நான் வண்டி ஓட்டறேன், நீ வா" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

இன்று சாயங்காலம் போனோம். வெர்லின் கொட்டகையில் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். தாளைக் கையில் கொடுத்து, பத்து மணி என்று நான் எழுதியிருந்த இடத்தைக் காட்டிச் சொன்னேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார், கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார், திரும்பவும் படித்தார். "அப்ப எட்டு மாசமா நான் யாருக்காகத் தூங்காம கெடந்தேன்?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மன்னிச்சிடுங்க வெர்லின் என்றேன். நோர்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், "இவரு ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு சமையலறைக் கடிகாரத்தைப் போய்ப் பாப்பாரு, தெரியுமா உனக்கு? போயிட்டு வா கெண்ட்ரா, இப்ப போயிடு" என்றாள். வெர்லின் தாளைத் திருப்பித் தரவில்லை. அது அவரிடமே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து கல்லூரித் தலைவருக்கு ஒரு பக்கம் எழுதினேன், தாளில் என்ன தப்பு, அறிக்கையில் எதை மறைத்தேன், எல்லாம். காலை எட்டு மணிக்கு அவர் கையில் கொடுப்பேன், மற்ற ஐந்து கல்லூரிகளுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லி அதிலேயே எழுதியிருக்கிறேன். இதனால் ஓட்டு மாறும் என்று நீ நம்பிவிடாதே, மாறாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, தூரத்தை நான் கண்டுபிடிக்கவில்லையே. என் வேலை போனாலும் போகலாம், அப்பாவுக்கு அது தெரியும். மகளின் டீமைக் காப்பாற்றக் கடைசி நேரத்தில் நாடகம் ஆடுகிறாள் என்று அதே ஜோலீன் சொல்லுவாள். சொல்லட்டும். ஷெல்பியின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன், அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் அம்மாவும் என் வயதுதான்.

சனிக்கிழமை நீ களத்தில் இறங்கும்போது இதெல்லாம் உன் தலையில் இருக்கும், அதற்கு முன்னால் சொல்லலாமா, பின்னால் சொல்லலாமா என்று நிறைய யோசித்தேன். பின்னால் சொன்னால் இன்னொரு தடவை மறைத்த மாதிரி ஆகிவிடும். உன் கோச் ரமோனாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம், நான் போட்ட கையெழுத்து உன்னைக் கட்டாது. நம் பெண்களிடம் கோபத்தைக் காட்டாதே, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, வழக்கம்போல ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. கணுக்காலுக்குக் கட்டுப் போட மறக்காதே, உன் வண்டிக்குக் குளிர்காலத்து டயரை இந்த மாதமே மாட்டிவிடு, இரும்புச் சத்து மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதே.

நீ எந்த டீமில் ஆடினாலும், ஆடாமலே போனாலும், உடம்பு வலுவோடும் நேர்மையோடும் இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். கடவுள் உன் கூடவே இருக்கட்டும். அப்பா முத்தம் கொடுக்கச் சொன்னார், ஹேட்டியும்.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது, பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசப் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுது, ஆனால் சும்மா மட்டும் இருந்துவிடாதே. சீக்கிரம் பதில் போடு, லேனி.

உன் அம்மா,
கெண்ட்ரா