சட்டைக் கையில் கறுப்புத் துணி

அன்புள்ள அம்மாவுக்கு, லுவுயோ வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஜோஹன்னஸ்பர்க் பற்றி ரேடியோவில் கேட்டுப் பயப்படாதீர்கள். நம் தலைவரை வெள்ளைக்காரன் ஒருவன் சுட்டுக் கொன்றதும் ஊர் கொதித்தது நிஜம்தான். பழிவாங்க வேண்டாம் என்று, பல வருஷம் சிறையில் இருந்து வந்த நம் பெரியவர் டிவியில் கேட்டுக்கொண்டார். இப்போது பரவாயில்லை.

மறுநாள் டிரான்ஸ்ஃபார்மர் பட்டறைக்கு நம்மவர்கள் எல்லோரும் சட்டைக் கையில் கறுப்புத் துணி குத்தி வந்தார்கள். ஃபோர்மேன் வான் டோண்டர் முகம் வெளுத்துவிட்டது.

"உள்ள அரசியல் கூடாது. கழட்டாதவன் வீட்டுக்குப் போகலாம்."

முனகிக்கொண்டே கழற்றினார்கள். நான் கழற்றவில்லை.

"உனக்குத் தனியா சொல்லணுமா?"

"பாஸ், ரெண்டு மாசமா இவன் கையில இது இருக்கு. இன்னிக்குத்தான் உங்க கண்ணுல பட்டுச்சா?" என்றான் என்னோடு வேலை செய்யும் மொலேஃபே. "தலைவர் போகப்போறார்னு முன்னாடியே துக்கம் போட, இவன் என்ன குறி சொல்றவனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் சிரிக்கவில்லை.

"அப்ப யாருக்கு?"

"என் பொண்டாட்டிக்கு."

"பேரு?"

"ஸோலேகா."

இங்கே வந்தபின் அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். வேலைக்கு ஆபத்தில்லை.

அம்மா, என் துணியில் எண்ணெய் ஏறி இழை பிரிகிறது. துக்க வருஷம் முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறதே. அவள் சர்ச்சுக்கு உடுத்திய அந்தக் கறுப்புப் பாவாடையிலிருந்தே இன்னொரு துண்டு வெட்டி அனுப்புங்கள். கடைத் துணி வேண்டாம். துவைக்காமல் அனுப்புங்கள்.

பட்டறைச் சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

உங்கள் லுவுயோ