சக்கரத்துல கேட்ட டக்கு டக்கு

ராணி,

மாப்பிள்ளை எந்திரிச்சதும் இதை அவருக்கிட்ட காட்டாத. நீ மட்டும் படி.

முன் சக்கரத்துச் சத்தம் எதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். விடிஞ்சதும் சைக்கிளைத் தலைகீழா நிறுத்திச் சுத்தினேன். ஒரு சுத்துக்கு ஒரு தடவை டக்குன்னு கேட்டுச்சு. பேரிங் குண்டு போயிருந்தா கரகரன்னு விடாம அரைக்கும். இது அப்படி இல்ல. அவர் கிரீஸ் போட்டது, கம்பி முறுக்கினது எல்லாம் சரியாத்தான் இருக்கு.

அவர் வேலை மேல நம்பிக்கை இல்லாம, ரோதமுனி கோயில் தகட்டை மஞ்சத் துணியில முடிஞ்சு சக்கரக் கம்பியில கட்டினது நான்தான். தேயிலை ஃபெக்டரியில சுத்துற பெரிய ரோதைச் சக்கரத்தையே காக்குற சாமி, இதையும் காக்கட்டும்னு கட்டினேன். முடிச்சு நழுவி, அந்தத் தகடுதான் சக்கரத்தைப் பிடிக்கிற இரும்புல தட்டியிருக்கு. அது தெரியாம நேத்து லயத்து வரிசை வீடு அத்தனையும் கேக்க, நல்ல குண்டை எடுத்துட்டுத் தேஞ்ச குண்டைப் போட்டுட்டீங்கன்னு அவரைப் பேசிட்டேன். மனுசன் சோறு திங்காம, இன்னைக்கு வட்டகொடைக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போறேன்னுட்டாரு.

நான் மருந்து எடுக்க நடந்தே போறேன். அவருக்கு ரொட்டி சுட்டுக் கட்டச் சம்பலோட குடு. நெத்தலி சட்டியில இருக்கு. சைக்கிள் வாசல்ல நிக்குது, அவரை ஓட்டிப் பார்க்கச் சொல்லு. சத்தம் தானா நின்னுடுச்சுன்னு சொல்லிரு.

அப்பா

தகட்டை அவுத்துச் சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேன்.

மேல எழுதினதை விடு. தானா நின்னுச்சுன்னு சொல்லாத. அவரை அஞ்சு மணி வரைக்கும் எப்படியாவது நிறுத்தி வை. எல்லாரும் கொழுந்து வேலை முடிஞ்சு மலையில இருந்து இறங்கினப்புறம், லயத்து வாசல்ல வச்சு நானே சொல்லுறேன்.